சீட்டு வேண்டாம், கேள்வி வேண்டும்: இணைய மருந்து விற்பனை விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"யாருக்கு மருந்து?" என்று கவுன்ட்டரில் கேட்டதும் சிலர் ஒரு நொடி தயங்குவார்கள். "எனக்குத்தான்" என்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "இல்லை, குழந்தைக்கு" என்பார்கள். இருமல் மருந்தை எடுக்கப் போன மருந்தாளுநரின் கை அங்கேயே நின்றுவிடும். குழந்தைக்கு என்ன வயது, எத்தனை நாளாக இருமல், வேறு என்ன கொடுத்தீர்கள் என்று பேச்சு நீளும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் கிடைத்தாலும் கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளுக்கு இந்தப் பேச்சுதான் காவல். விற்பனை இணையத்துக்குப் போகும்போது முதலில் தொலைந்துபோவதும் இதுதான்.

சீட்டு வேண்டாம் என்பதாலேயே ஆபத்தில்லை என்று எண்ணுவதில்தான் பல தவறுகளும் தொடங்குகின்றன. பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை 8. சளிக்கான பல கூட்டு மாத்திரைகளிலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர் தெரியாமலே அளவைத் தாண்டிவிடலாம். கல்லீரல் பாதிப்பு முதல் நாளில் வெளியே தெரியாமலும் இருக்கும். வயிற்றுப்போக்குக்கான லோபெரமைடு இன்னொரு உதாரணம். சீட்டில்லாமல் வாங்குபவருக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம்தான் எல்லை. மிக அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்பே தடம் மாறும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016-இல் எச்சரித்தது. 2018-இல் பொட்டலங்களைச் சிறிதாக்கச் சொன்னதோடு நிற்காமல், இணைய விற்பனையாளர்களுக்கும் அது கடிதம் எழுத வேண்டியிருந்தது.

விதிகளில் நான் அதிகம் கவலைப்படுவது கேள்விப் படிவத்தைப் பற்றி. "கர்ப்பமாக இருக்கிறீர்களா? ரத்த அழுத்தம் உண்டா? வேறு மருந்து எடுக்கிறீர்களா?" என்று திரையில் வரிசையாக வரும். ஒருவர் ரத்த அழுத்தத்துக்கு "ஆம்" என்கிறார். சிவப்பு எழுத்தில், இந்த மருந்தை உங்களுக்குத் தர முடியாது என்று வருகிறது. அவர் ஒரு பக்கம் பின்னால் போய் "இல்லை" என்று மாற்றுகிறார். ஆர்டர் போய்விடுகிறது. சட்டப்படி கேள்வி கேட்டாயிற்று, பதிலும் வாங்கியாயிற்று. மூக்கடைப்புக்கு அவர் வாங்கிய சூடோஎஃபெட்ரின் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது என்பது மட்டும் மாறவில்லை. எந்தப் பதில் விற்பனையைத் தடுக்கும் என்பதைப் படிவமே சொல்லிக் கொடுக்கக் கூடாது. மாற்றப்பட்ட பதில் அழியாமல் பதிவில் இருக்க வேண்டும். அப்படி மாறிய ஆர்டரை ஒரு மருந்தாளுநர் பார்த்து, வாங்குபவரோடு பேசிய பிறகே அனுப்ப வேண்டும். "கேள்வி கேட்கப்பட வேண்டும்" என்று மட்டும் எழுதி நிறுத்தும் விதியால் யாருக்கும் பயனில்லை.

அடுத்தது, ஓர் ஆர்டருக்கு இத்தனை என்று அளவு குறித்துவிட்டு நிம்மதியாக இருப்பது. பிரிட்டனில் 1998-இல் பாராசிட்டமால் பொட்டலங்களைச் சிறிதாக்கினார்கள்: சாதாரணக் கடைகளில் 16 மாத்திரை, மருந்தகங்களில் 32. அதன் பின், உயிரை மாய்த்துக்கொள்ள அதை அளவுமீறி விழுங்கியவர்களின் இறப்புகள் குறைந்ததை ஆய்வுகள் காட்டின. இன்னும் வேண்டுமென்றால் இன்னொரு கடைக்கு நடக்க வேண்டும். அந்த நடையிலேயே சிலரின் மனம் மாறிவிடும். இணையத்தில் அந்த நடை கிடையாது. 4 தளங்களை அடுத்தடுத்துத் திறந்து 4 ஆர்டர் போடச் சில நிமிடங்கள் போதும். ஒவ்வொரு தளமும் விதியை மீறாமலே விற்றிருக்கும்.

அளவு வரம்பு என்றால் அதற்கு ஞாபகம் வேண்டும். மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் தயாரிக்கப் பயன்படுவதால் சூடோஎஃபெட்ரினுக்கு அமெரிக்காவில் 2006-இல் வந்த சட்டம், ஒருவர் 30 நாளில் மொத்தம் 9 கிராமுக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அஞ்சல்வழி விற்பனைக்கு எல்லை 7.5 கிராம்தான். அடையாள அட்டையும் காட்ட வேண்டும். பல மாநிலங்களில் கடைகள் ஒரே மின்னணுப் பதிவேட்டோடு இணைந்திருப்பதால், வேறு கடையில் வாங்கியதும் கணக்கில் வரும். ஆனால் இத்தகைய பதிவேடு ஒருவரின் உடல்நிலையைச் சொல்லும் ஏடு. யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும், விளம்பரத்துக்குத் தொடக் கூடாது என்பதெல்லாம் விதியிலேயே இருக்க வேண்டும்.

இத்தனை சிக்கல் எதற்கு, மொத்தமாகத் தடை போட்டுவிடலாமே என்று தோன்றும். ஜப்பான் ஏறக்குறைய அதைத்தான் செய்து பார்த்தது. சீட்டில்லா மருந்துகள் பலவற்றின் இணைய விற்பனையை அமைச்சகத்தின் ஆணை தடுத்தது. சட்டம் தந்த அதிகாரத்தை அந்த ஆணை மீறுகிறது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள், அது 2014-இல் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலானவை இணையத்துக்கு வந்தன, சில மட்டும் நேரில் விளக்கிய பிறகே விற்க வேண்டியவையாக நின்றன. மருந்துக்கு மருந்து ஆபத்தை எடைபோட்ட இந்த வழி எனக்குச் சரியாகவே படுகிறது. நடமாட முடியாதவருக்கு மருந்து வீட்டுக்கு வருவது பெரிய உதவி. உரிமம் பெற்ற தளங்களை அடைத்துவிட்டால் அவர் உரிமமில்லாத தளத்தைத்தான் தேடிப் போவார்.

அங்கே முத்திரையும் இருக்கும், போலியாக. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 முதல் இணைய மருந்து விற்பனையாளர்களுக்குப் பொதுச் சின்னம் உண்டு. அதைச் சொடுக்கினால் அந்த நாட்டு அரசு அமைப்பின் பட்டியல் திறக்கும். கடையின் பெயர் அதில் இருக்க வேண்டும். சின்னம் வெறும் படமாக ஒட்டியிருந்தால் அதில் பொருளே இல்லை. சின்னத்தைக் கட்டாயமாக்கும் விதிகள், அதைச் சொடுக்கிப் பார்க்கும்படி வாங்குபவருக்குச் சொல்லிக்கொடுக்க மறந்துவிடுகின்றன.

விற்பவர் இருக்கும் நாட்டை வைத்து மட்டும் விதி செய்வதும் தவறு. பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடிய வலிநிவாரணியான கோடீன் கலந்த மருந்துகளுக்கு ஆஸ்திரேலியாவில் 2018 பிப்ரவரி முதல் சீட்டு வேண்டும். வேறு சில நாடுகளில் வேண்டாம். பொட்டலம் எல்லை தாண்டும்போது, வாங்குபவர் இருக்கும் இடத்தின் விதிதான் பொருந்த வேண்டும். பல விற்பனையாளர்கள் கூடும் சந்தைத் தளங்களுக்கும், விற்றது நாங்கள் இல்லை என்று விலக இடம் தரக் கூடாது.

கடைசியில் பொட்டலம் வாசலுக்கு வருகிறது. வயதைத் திரையில் சரிபார்த்திருப்பார்கள். கதவைத் திறப்பது 14 வயதுப் பிள்ளையாக இருந்தால்? டெலிவரி செய்பவருக்கு எந்தப் பொட்டலம் பெரியவர் கையில் மட்டும் போக வேண்டியது என்று தெரிய வேண்டும். பெரியவர் இல்லையென்றால் அதைத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு அனுமதி வேண்டும், அதற்காக அவர் கூலியைப் பிடிக்கவும் கூடாது.