பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன் வளர்க்கிறவங்க பண்ற தப்புகள்

பேர்ட்ஸ் நெஸ்ட் ஃபெர்ன் நிழல்லயே செழிப்பா வர்ற செடி, அப்படியும் நிறைய பேர் தோட்டத்துல சீக்கிரமே அழுகிப் போயிடுது, ஏன்னா மத்த செடி மாதிரியே இதையும் மண்ணுல புதைச்சு தண்ணி ஊத்துறாங்க. காட்டுல இது மரத்து மேலயும் பாறையிலயும் ஒட்டிக்கிட்டு வளரும், மரத்தோட சத்தை உறிஞ்சாது, மேலருந்து விழுற சருகை, இலையெல்லாம் வட்டமா சேர்ந்து பறவைக் கூடு மாதிரி இருக்கிற நடுக்கூட்டுல பிடிச்சு வச்சுக்கும், அது மக்கி வர்றதுதான் இதுக்கு உரமே.

அதனால களிமண்ணைப் போட்டு அமுக்கி நடாதீங்க, வேருக்குக் காத்து போகணும். மரப்பட்டைத் துண்டு, தேங்காய் நார், கொஞ்சம் இலைமக்கு கலந்தா போதும், கையில எடுத்தா பொலபொலன்னு உதிரணும்.

அடுத்தது தண்ணி. காட்டுல மழை நடுக்கூட்டுலதானே விழுதுன்னு கேப்பீங்க, ஆனா அங்க காத்தோட்டம் இருக்கு, தண்ணி சீக்கிரம் வடிஞ்சிடும். காத்தே வராத மூலையில வச்சுட்டு தினமும் நடுக்கூட்டுல இருக்கிற குருத்துல ஊத்தினா அழுகிடும், புது இலை எல்லாமே அந்த ஒரே இடத்துலருந்துதான் வரணும், அது போச்சுன்னா செடியே போச்சு. சுத்தி ஓரமா ஊத்துங்க, கலவையோட மேல்பகுதி லேசா காய ஆரம்பிச்சதும் அடுத்த தண்ணி.

நிழல்னா இருட்டு இல்லங்க. காலை இளவெயில் தாங்கும், உச்சி வெயில் பட்டா இலை வெளுத்து கருகும்.

எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கிற விஷயம் ஒண்ணு, இலைக்கு அடியில பிரவுன் கோடு பாத்ததும் பூச்சின்னு பயந்து மருந்து அடிக்கிறது. நடு நரம்புலருந்து ஓரத்தைப் பாத்து சாய்வா, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி வரிசையா இருந்தா அது ஸ்போர் (விதைக்குப் பதிலா ஃபெர்ன் பரவுறதுக்கு உதவுற நுண்ணிய தூள்) உருவாகுற இடம், அதாவது செடி நல்லா வளர்ந்திருக்கு, அடுத்த தலைமுறைக்குத் தயாராகுதுன்னு அர்த்தம், அதைச் சுரண்டவே கூடாது. செதில் பூச்சியா இருந்தா இப்படி ஒழுங்கா இருக்காது, அங்கங்க மேடா ஒட்டியிருக்கும், நகத்தால நெம்பினா பேந்து வரும், இலை பிசுபிசுன்னு இருக்கும். அப்பவும் எடுத்ததும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், ஃபெர்ன் இலை அதுல சுலபமா கருகிடும், ஈரத்துணியால மெதுவா துடைச்சு எடுங்க.

சுருண்டு வர்ற இளங்குருத்தை மட்டும் தொடாதீங்க, சட்டுன்னு ஒடிஞ்சிடும். உரம் போடணும்னா பாக்கெட்ல சொன்னதுல பாதி அளவு, அதுவும் குருத்துக்குள்ள விழாம. பழுத்த இலையைப் பாதியில வெட்டினா அது திரும்ப வளராது, அடியோட எடுத்துடுங்க.