மாதக் காசை நாலரையால் வகுங்கள்

எனக்கு ஊர், கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம். எம்.எஸ்ஸி. படிக்கப் பாலக்காடு வந்து, இரண்டு வருடம் அங்கே நூரணி என்ற பகுதியில் தனி அறை எடுத்துத் தங்கினேன். தேங்காய்க் காசில் அப்பா மாதாமாதம் 5ஆம் தேதி 7,500 ரூபாய் போட்டுவிடுவார். "ஏங்கண்ணு, காசு பத்துதா?" என்று அம்மா போனில் கேட்கும்போது, "பத்துதும்மா" என்று பொய் இல்லாமல் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது.

முதலில் கணக்கு. பணம் வந்த அன்றே வாடகை 2,800 போய்விடும். கரண்ட்டுக்கும் போன் ரீசார்ஜுக்கும் 500. ஊருக்குப் போக, காய்ச்சல் தலைவலிக்கு என்று 600 தனியாக. மிச்சம் 3,600. இதை நாலு வாரத்துக்குப் பிரித்து வாரம் 900 என்று வைத்ததுதான் நான் செய்த பெரிய தப்பு. நாலு வாரம் என்றால் 28 நாள்தான். மிச்சமுள்ள இரண்டு மூன்று நாளில்தான் பக்கத்து அறையில் கைமாத்து கேட்க வேண்டி வரும். அதை அடுத்த மாதக் காசில் கொடுப்போம், அந்த மாதமும் இடிக்கும். அதனால் நாலரையால் வகுங்கள். வாரம் 800. கடைசி அரை வாரத்துக்கு 400 தானாக நிற்கும்.

அந்த 800ஐ மட்டும் திங்கட்கிழமை காலையில் யூபிஐ லைட்டில், அதாவது யூபிஐ ஆப்பில் சின்னச் செலவுக்கென்று தனியாக இருக்கும் பையில், ஏற்றிக்கொள்ளுங்கள். சாயா, கடி (டீக்கடைப் பலகாரம்), ஜெராக்ஸ், காய்கறி எல்லாம் அதிலிருந்தே. அது தீர்ந்தால் வாரம் முடிந்தது. ஆப்பில் தானாக நிரப்பிக்கொள்ளும் வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் இத்தனையும் வீண். பின் நம்பர் கேட்காமல் ஒரு தடவைக்கு 1,000 வரை போகும், மொத்தம் 5,000 வரை ஏற்றலாம். போன் தொலைந்தால் அந்தக் காசும் போய்விடலாம் என்பதால் ஒரு வாரத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

சமையல்தான் பெரிய மிச்சம். நம் ஊரில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட்டாவது இலவசம். கேரளத்தில் அந்தச் சலுகை இல்லை. எங்கள் வீட்டுக்காரச் சேச்சி சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினார். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கேரளத்துச் சிவப்பு மட்டை அரிசி வேக நேரம் பிடிக்கும். நான் ஊரிலிருந்து பொன்னி கொண்டுவந்து, அரை மணி ஊறப்போட்டு, குக்கரில் இரண்டு விசில் வந்ததும் அணைத்துவிடுவேன். ஆவி அடங்குவதற்குள் மீதி வெந்துவிடும். காலையில் ஒரே தடவை வைத்து, இரவுக்குத் தண்ணீர் ஊற்றி மோர் சேர்த்தால் போதும். வேண்டுமென்றால் ஒரு பப்படம்.

பஸ்ஸுக்கு கன்செஷன் கார்டு முதல் வாரமே வாங்குங்கள். சாதா பஸ்ஸில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், மாணவருக்கு 1 ரூபாய். பொள்ளாச்சிப் பக்கம் போகும் பெண் பிள்ளைகள் கொழிஞ்சாம்பாறை வழியாகக் கோபாலபுரம் வரை வந்து இறங்கி, அங்கே நம் ஊர் சாதா டவுன் பஸ்ஸில் ஏறினால் மீதித் தூரத்துக்குக் காசே இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தில் எனக்குப் பட்ட அடி இன்னும் வலிக்கிறது. நூரணிக்கு வருவதற்கு முன்பு இருந்த அறையில், நான் வருவதற்கு முன்பே சுவரில் இருந்த கீறலுக்கு 1,500 பிடித்துக்கொண்டார்கள். அது எனக்கு இரண்டு வாரச் சாப்பாடு. சாவி வாங்கிய அன்றே சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அட்வான்ஸையும் கையில் கொடுக்காமல் கணக்குக்கு அனுப்புங்கள்.

ஏடிஎம்மில் நூறு நூறாக எடுக்காதீர்கள். வேறு வங்கி ஏடிஎம்மில், பாலக்காடு மாதிரி ஊரில், மாதம் 5 தடவைதான் இலவசம். அப்புறம் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். ஐந்து நிமிடத்தில் கடன் தரும் ஆப் பக்கம் போகவே போகாதீர்கள். அந்த நிலைமை வந்தால் வீட்டில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள்.

அப்புறம் ஓணம். மெஸ் மூடிவிடுவார்கள், திருவோணத்தன்று கடையும் இருக்காது, நேந்திரன் பழம் விலை ஏறிக் கிடக்கும், ஊர் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. ஹர்த்தால் (கடையடைப்பு) அன்றும் கடைக்கு இதே கதி. அதனால் வாரக் காசைத் தொடாமல், கட்டிலுக்கடியில் ஒரு டப்பாவில் இரண்டு கிலோ அரிசி, அரைக் கிலோ பாசிப்பருப்பு, ஒரு ஊறுகாய் பாட்டில் எப்போதும் இருக்கட்டும்.