தாதிய ஆசிரியருக்கு: சட்போட்டை வகுப்புக்குள் எடுப்பது எப்படி?

தடை போட்டால் மாணவர் ஒளித்துக் கேட்பார்கள்; வகுப்பிலேயே பிழை பிடிக்கப் பழக்குவதுதான் புத்தி. சேலைன் கணக்கில் தொடங்குங்கள்: 500 மி.லீ. 4 மணித்தியாலத்தில் ஏறவேண்டும், நிமிடத்துக்கு எத்தனை துளி? முதலில் கையால், ஒரு மி.லீ.க்கு 20 துளி, 4 மணித்தியாலம் 240 நிமிடம் என்று வைத்து: 500 × 20 ÷ 240, அதாவது ஏறத்தாழ 42. பிறகே திரை. ஒரு மி.லீ.க்கு எத்தனை துளி என்று சொல்லாவிட்டால் சட்போட் தானாக 15 என்று வைத்து 31 எனச் சொல்லக்கூடும். சேலைன் ஏற்றும் குழாய்ச் செற்றின் உறையில் 20 என்றிருக்கும். அந்த உறையை மாணவர் கையில் கொடுத்து, வித்தியாசம் எங்கே வந்தது என்று எழுதுவியுங்கள், புள்ளி அதற்கே.

சட்போட் எழுதித் தரும் நோயாளருக்கான துண்டுப்பிரசுரத்தில் 'செவிலியர்', 'சர்க்கரை நோய்' என்று வரலாம். 'தாதியர்', 'நீரிழிவு' என மாற்றுங்கள். 'சீனி வருத்தம்' என்றால் ஊர் அம்மாக்களுக்கு உடனே விளங்கும்.

நோயாளரின் பெயர், விடுதிச் சீட்டு இலக்கம் சட்போட்டில் தட்டவே கூடாது. '58 வயதுப் பெண்' போதும்.