கப்பலில் குமட்டாமல் இருக்க எந்த அறையைப் போடுவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது அப்பா அம்மாவுக்குச் சாந்தி (அறுபதாம் கல்யாணம்) முடிந்த கையோடு பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் போடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று இருப்பதிலேயே விலை கூடிய அறையாகப் பார்த்து, மேல்தளத்தில், கப்பலின் முன்முனையில், பால்கனியோடு போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள் பாருங்கள், கடல் கொஞ்சம் கிளம்பினாலும் அதிகம் ஆடுவது அந்த அறைதான்.

கப்பல் அலையை எதிர்த்துப் போகும்போது முன்பக்கம் ஏறும், பின்பக்கம் இறங்கும், உடனே மாறும். நடுப்பகுதிக்கு அவ்வளவு அசைவு இருக்காது. பஸ்ஸில் கடைசி சீட்டுக்காரர் எகிறும்போது நடு சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டு வருவாரே, அதே கணக்குதான். பக்கவாட்டில் ஆடும்போதோ உயரம் கூடக்கூட வீச்சும் கூடும். தண்ணீருக்கு அடியில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொள்கிற ஸ்டெபிலைசர் இறக்கைகள் இந்தப் பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே அடக்கும், முன்னும் பின்னும் தூக்கிப் போடுவதை அவற்றால் பெரிதாகத் தடுக்க முடியாது. அதனால்தான் எத்தனையாவது தளம் என்று கேட்பதற்கு முன்னால், நீளவாக்கில் நடுவில் இருக்கிறதா என்று கேளுங்கள் என்கிறேன்.

ஏஜென்ட் 'மிட்ஷிப்தான் சார்', அதாவது கப்பலின் நடுப்பகுதிதான், என்று சொன்னால் அதோடு விடாதீர்கள். அறை எண்ணை வாங்கி, கப்பல் பெயரோடு டெக் பிளான் (தளவாரியான வரைபடம்) என்று தேடி, படத்தில் விரல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் லிஃப்ட் முன்னால் ஒரு இடத்திலும் பின்னால் ஒரு இடத்திலும் இருக்கும், இரண்டுக்கும் நடுவில் வருகிற அறைதான் நமக்கு. அப்படியே அந்த அறைக்கு நேர் மேலே உள்ள தளத்தையும் பாருங்கள், தலைக்கு மேலே நடன அரங்கு இருந்தால் தூக்கம் போச்சு. 'கேரண்டி' அறை என்று விலை குறைத்துத் தருவதில் எந்த அறை என்பதைக் கம்பெனிதான் முடிவு செய்யும், வயிறு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

ஜன்னல் இல்லாத உள்அறை மலிவுதான், ஆனால் காதுக்குள் ஆட்டம் தெரிய, கண்ணுக்குச் சுவர் அசையாமல் நிற்க, இந்த முரண்பாட்டில்தான் குமட்டலே வருகிறது. தொடுவானம் தெரிந்தால் பலருக்குத் தணியும். கீழ்த்தளம், நடு, ஜன்னல், இதுதான் என் தேர்வு, விலையும் மேல்தள அறையைவிடக் குறைவு. பால்கனி வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால், பால்கனி உள்ளதிலேயே தாழ்ந்த தளத்தில் நடுவில் போடுங்கள்.

அப்புறம் மாதமும் வழியும். சென்னையிலிருந்து என்றால் ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களை விட்டுவிடுங்கள். நம் ஐயாக்கள் அந்தக் காலத்து ரஜுலா என்ற பயணிகள் கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனது திறந்த வங்கக்கடலைத் தாண்டி, அதுவும் பலர் டெக்கிலேயே படுத்துக்கொண்டு. இப்போது சிங்கப்பூரில் ஏறிப் பினாங்கு போனால் வழி மலாக்கா நீரிணை, இரண்டு பக்கமும் நிலம், அலை பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

மாத்திரையை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்தபின் வயிற்றில் தங்காது. சிலவற்றால் தூக்கமும் தள்ளாட்டமும் வரும், பெரியவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். வெறும் வயிறும் ஆகாது, இரண்டு இட்லியாவது சாப்பிட வையுங்கள், நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு சின்ன டப்பாவில் கைப்பையிலேயே இருக்கட்டும்.