பூப்பந்து ஆடும் முதுகுக்கு: படிப்படியான பயிற்சி

கோலாலம்பூரில் செந்தூல், கெப்போங் பக்கத்து பூப்பந்து (பேட்மிண்டன்) மண்டபங்களில் இரவு 9 மணிக்கு எட்டிப் பாருங்கள். பகல் முழுக்க ஆபீஸ் நாற்காலி, அப்புறம் நெரிசலில் கார் சீட்டு, வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு நேரே ஸ்மாஷ். பாதிப் பேர் இந்த ரகம்தான், என்னையும் சேர்த்து. கீழ்முதுகு வலிக்குப் பிசியோ சொல்லிக்கொடுத்ததில் எனக்குக் கைகொடுத்ததை மட்டும் எழுதுகிறேன். ராக்கெட் பிடிப்பது, ஷூ வாங்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, கால் பலமிழந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லை, சிறுநீர் அடக்க முடியவில்லை, அல்லது வரவே மாட்டேன் என்கிறது என்றால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஸ்மாஷில் முதுகு பின்னால் வளைந்தபடியே திரும்பவும் செய்கிறது. அந்தச் சுமை முள்ளெலும்பின் பின்பக்கத்தில் விழுகிறது. வேகப்பந்து வீச்சிலும் இதே அசைவுதான். முதுகுக் காயத்தால்தான் பும்ரா 2022 டி20 உலகக் கோப்பையில் ஆடவில்லை. குனிந்து ஷட்டல் பொறுக்கும்போது சுமை டிஸ்க் (முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை) பக்கம் போகும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அசைவை இடுப்பு மூட்டு செய்யட்டும், முதுகு விறைப்பாக நிற்கட்டும்.

படி 1: இடுப்பு மூட்டில் மடங்குதல்

நான் அதிக நாள் திணறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். வீட்டு மொப்புக் கம்பை முதுகோடு நிமிர்த்திப் பிடியுங்கள். ஒரு கை கழுத்துக்குப் பின்னால், மறு கை கீழ்முதுகுக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு. சுவருக்கு முதுகைக் காட்டி ஓரடி தள்ளி நின்று, பின்புறத்தைச் சுவரை நோக்கித் தள்ளுங்கள். முட்டி லேசாக மடங்கினால் போதும். முட்டி முன்னால் போனால் அது தோப்புக்கரணம் ஆகிவிடும்.

மூன்றில் ஒரு இடம் கம்பை விட்டாலும் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் மடங்குவது முதுகுதான், மூட்டு இல்லை. தொடையின் பின்தசை இழுப்பது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

"எந்த மூட்டு என்றே பிடிபடவில்லை" என்று நிறையப் பேர் எழுதினார்கள். கம்பைக் கீழே வையுங்கள். இரண்டு உள்ளங்கைகளின் ஓரத்தையும் தொடையும் வயிறும் சேரும் மடிப்பில் கத்திபோல வைத்து அழுத்தி, கை அந்த மடிப்புக்குள் மாட்டிக்கொள்ளும்வரை பின்புறத்தைத் தள்ளுங்கள். எனக்கும் இதற்கப்புறம்தான் பிடிபட்டது. பழகியபின் ஷட்டல் பொறுக்குவது, பையைத் தூக்குவது, வீட்டில் கேஸ் தோம்பு நகர்த்துவது எல்லாம் இப்படியே.

படி 2: மூன்று பயிற்சிகள்

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலமாக்கியவை இவை. மல்லாந்து, ஒரு முட்டியை மடக்கி, கீழ்முதுகு வளைவுக்கு அடியில் கைகளை வைத்து, தலையையும் தோளையும் துளி மட்டும் உயர்த்துவது ஒன்று. பக்கவாட்டில் முழங்கையூன்றி உடலைத் தூக்கி நிற்பது இரண்டு. தொடக்கத்தில் முட்டியூன்றிச் செய்யலாம். நாலுகாலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது மூன்று. ஒவ்வொன்றையும் 10 வினாடி பிடித்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். யூடியூப்பில் ஐந்து நிமிட பிளாங்க் போடுகிறவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம். களைத்த தசை முதுகைத் தொங்கவிட்டுவிடும்.

காலையில் எழுந்த உடனே குனிகிற பயிற்சி வேண்டாம். இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், குனிந்தால் அழுத்தம் கூடும். விடியற்காலையில் தித்திவாங்சா ஏரியைச் சுற்றி ஓடுகிறவர்கள் முதலில் கொஞ்சம் நடந்துவிட்டு ஓடுங்கள்.

படி 3: கோர்ட்டில்

பத்து நிமிடம் உடலைச் சூடாக்குங்கள், முதல் ஸ்மாஷ்களைப் பாதி வேகத்தில் அடியுங்கள். தலைக்குப் பின்னால் போன ஷட்டலை வளைந்து எட்டிப்பிடிக்காமல் கால்களை நகர்த்தி அதன் அடியில் போங்கள். இது முழுக்கக் கால்வேலைதான். தீபாவளி விடுமுறை முடிந்து முறுக்கு வயிற்றோடு வந்து ஒரே இரவில் மூன்று மணி நேரம் ஆடுவதுதான் மோசம். திடீரென ஏற்றிய சுமையை முதுகு மன்னிக்காது, வாரவாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

சாமான்கள்: ஒரு பாய், ஒரு கம்பு, அவ்வளவுதான். ஃபோம் ரோலரைத் தொடைக்குப் பயன்படுத்துங்கள், கீழ்முதுகில் உருட்ட வேண்டாம். இடுப்பு பெல்ட் போட்டு ஆடுவது எனக்குப் பிடிக்காது. கோடாலித் தைலம் தேய்த்தால் சுகமாக இருக்கும், ஆனால் தசைக்குப் பலம் வராது.

பிற்சேர்க்கை: பட்டர்வொர்த் வாசகர் ஒருவர், மகன் பள்ளி கிரிக்கெட் அணியில் வேகப்பந்து வீசுகிறான், முதுகைப் பின்னால் வளைத்தால் ஒரு பக்கம் மட்டும் வலி, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லையாம், ஆடவிடலாமா என்று கேட்டிருந்தார். ஆடவிடாதீர்கள். ஆரம்பகட்ட அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசல்) எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். விளையாட்டு மருத்துவரிடம் காட்டி எம்ஆர்ஐ தேவையா என்று கேளுங்கள். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு வயதுவாரியாக ஓவர் வரம்பு வைத்திருக்கிறது. பள்ளிப் பயிற்சியாளர் எண்ணாவிட்டால் நீங்களே ஒரு நோட்டில் அவன் வீசும் பந்துகளைக் குறித்து வையுங்கள். டாக்டரும் அதைத்தான் முதலில் கேட்பார்.