தித்திக்கும் பெல்ஜியப் புளிப்பு பியர்: உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

புளிப்பு பியர் என்று ஆசையாய் வாங்கித் திறந்தால், வாயில் விழுவது செர்ரி சர்பத். கையோடு கொட்டிவிடத் தோன்றும். கொட்டாதீர்கள். அந்த இனிப்புக்கு அடியில் நிஜமான லாம்பிக் (பெல்ஜியத்தின் பாரம்பரியப் புளிப்பு பியர்) இருக்கிறதா, இல்லை பழச்சாறும் சர்க்கரையும் மட்டும்தானா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு 375 மில்லி பாட்டில் போதும்.

லாம்பிக் தானாக இனிக்காது. பிரஸ்ஸல்ஸிலும் அதன் மேற்கே பயோட்டன்லாந்திலும், கொதித்த கோதுமை-பார்லிச் சாற்றை அகலமான திறந்த தொட்டியில் இரவு முழுக்க ஆறவிடுவார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அதில் குடியேறி, இரண்டு மூன்று வருடத்தில் சர்க்கரையை ஏறக்குறைய முழுசாகத் தின்றுவிடும். குறிப்பாக பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட், சாதாரண ஈஸ்ட் தொடாததையும் விடாது. ஆகவே பாட்டிலில் தித்திப்பு தங்கியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: சர்க்கரை சேர்த்துவிட்டு வடிகட்டியோ சூடுபடுத்தியோ ஈஸ்ட்டை ஒழித்திருப்பார்கள், அல்லது ஈஸ்ட்டால் தின்ன முடியாத செயற்கை இனிப்பைப் போட்டிருப்பார்கள். இனிப்புச் சேர்ப்பதே பாவம் என்று சொல்ல வரவில்லை. ஃபாரோ என்ற பழைய வகையே இனிப்பூட்டிய லாம்பிக்தான். பிரஸ்ஸல்ஸ் கடைகளில் கண்ணாடிக் கோப்பைக்குள் சர்க்கரைக் கட்டியை நசுக்கவே தனிக் கோல் வைத்திருந்தார்கள். அடியில் புளிப்பு இல்லாமல் போவதுதான் குற்றம்.

முதலில் லேபிள். ‘ஔடே’ என்றோ ‘வியேய்’ என்றோ (இரண்டுக்கும் ‘பழைய’ என்று பொருள்) போட்ட கூஸும் (இளசும் முதிர்ந்ததுமான லாம்பிக்குகளின் கலவை) கிரீக்கும் (செர்ரி ஊறிய லாம்பிக்) ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்புக்குள் வருபவை. அவை இப்படித் தித்திக்காது. உட்பொருள்களில் ஈ950 (அசிசல்பேம்), ஈ954 (சாக்கரின்), ஈ960 (ஸ்டீவியா) இருக்கிறதா பாருங்கள். ஆல்கஹால் 2.5 முதல் 4 சதவீதத்துக்குள் நின்றால், சாறு கலந்து அளவு குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். கலக்காத கூஸ் பெரும்பாலும் 5 சதவீதத்தைத் தாண்டும்.

இந்த வகையை ஜில்லென்று குடிக்கச் சொல்வார்கள். 4 டிகிரியில் இனிப்பும் மங்கும், வாசனையும் மங்கும்; குறை எதுவும் தெரியாது. சோதிக்க 10-12 டிகிரி வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வையுங்கள். வாய் குறுகிய ஒயின் கண்ணாடிக் கோப்பை மூன்று எடுத்து, ஒவ்வொன்றிலும் 80 மில்லி ஊற்றுங்கள். மீதியை மூடி வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதல் கண்ணாடியைச் சுழற்றி முகருங்கள். ஈர வைக்கோல், தோல், குதிரை லாயம் மாதிரியான வாசனை மெல்லிசாக வந்தாலும் பிரெட்டனோமைசஸ் வேலை செய்திருக்கிறது என்று பொருள். செர்ரிக் கொட்டையின் பாதாம் மணம் இருக்கலாம், அது நல்லது. இருமல் மருந்து வாடை மட்டும் தூக்கலாக அடித்தால் எசென்ஸ் மீது சந்தேகப்படுங்கள். பிறகு ஒரு மடக்கு. உதடு பிசுபிசுத்தால் நிஜச் சர்க்கரை. இனிப்பு தாமதமாக வந்து, விழுங்கிய பிறகும் நாக்கைவிட்டுப் போகாமல் கசப்போ உலோக ருசியோ விட்டால், அது செயற்கை இனிப்பு.

இரண்டாவது கண்ணாடியில் அதே அளவு வெறும் தண்ணீர் கலந்து சுவையுங்கள். சோடா கூடாது, அதன் வாயுவே ஒரு புளிப்பைக் காட்டி ஏமாற்றிவிடும். நல்ல லாம்பிக் அடியில் இருந்தால் பாதியாக்கிய பிறகும் புளிப்பு நாக்கின் ஓரத்தில் நிற்கும். இல்லையென்றால் வெளிறிய பழத்தண்ணீர்தான் மிஞ்சும்.

ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியை மிதந்து காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் ஒரு படி மேலே போகலாம். மூடி வைத்ததில் கொஞ்சத்தை இரண்டு பாத்திரங்களுக்கு இடையே மாற்றி மாற்றி ஆற்றி, வாயு முழுக்கப் போன பிறகு 20 டிகிரியில் அளவிடுங்கள். குமிழி ஒட்டினால் கருவி மேலே மிதந்து அளவு கூடுதலாகக் காட்டும். வெறும் தண்ணீர் 1.000 காட்டும்; முதிர்ந்த லாம்பிக் 1.010-க்குக் கீழே நிற்கும். 1.020 காட்டினால் 100 மில்லிக்குக் குறைந்தது 5 கிராம் சர்க்கரையும் பிறவும் கரைந்திருக்கிறது. நாக்குக்குத் தித்திப்பு, கருவிக்கோ 1.008 என்றால் செயற்கை இனிப்பு என்று முடிவுகட்டலாம். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளப்பது) வேண்டாம், ஆல்கஹால் இருந்தால் அது தப்பாகக் காட்டும்.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சோதனை நம்மூர் வேலியில் இருக்கிறது: சர்க்கரைக்கொல்லி என்கிற சிறுகுறிஞ்சான். இரண்டு பச்சை இலையை ஒரு நிமிடம் நன்றாக மென்று துப்பிவிட்டு வாய் கொப்பளியுங்கள். காய்ந்த பொடி என்றால் அரை டீஸ்பூனை நாக்கு முழுக்கப் பரப்பி வைத்திருந்து துப்புங்கள். ஒரு சிட்டிகைச் சர்க்கரை போட்டுப் பாருங்கள். மணலாகத் தெரிந்தால் தயார். இப்போது மூன்றாவது கண்ணாடி. இனிப்பு காணாமல் போய் மிச்சம் அப்படியே தெரியும். மோர்ப் புளிப்பு, மரம், லேசான துவர்ப்பு வந்தால் உள்ளே லாம்பிக் இருக்கிறது. தொண்டையில் காடி எரிந்தால் பீப்பாயில் காற்று அதிகம் போயிருக்கிறது. எலுமிச்சை மாதிரி சுருக்கென்று வந்து உடனே காலியானால் வெறும் சிட்ரிக் அமிலமாக இருக்கலாம். இந்தச் சோதனை எப்போதும் கடைசியில்தான். அரை மணி நேரத்துக்கு மேலும் நாக்கு இனிப்பை ஒழுங்காகச் சொல்லாது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைத் தவிர்த்துவிடுங்கள்: இலையும் மதுவும் இரண்டுமே ரத்தச் சர்க்கரையை இறக்கக்கூடியவை.

உள்ளே சரக்கு இருந்தால் மீதியைக் காப்பாற்றலாம். இரண்டு பங்கு இந்த பியருக்கு ஒரு பங்கு ஔடே கூஸ். போன் (Boon) மதுவாலையுடையது போல எதுவானாலும் சரி. இன்னும் தித்தித்தால் சரிபாதி. குடிக்கும் கோப்பையில் மட்டும் கலக்க வேண்டும். கலந்ததை மூடி வைத்தால் கூஸில் உயிரோடிருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். அழுத்தம் ஏறி பாட்டில் வெடிக்கக்கூடும். சரக்கு இல்லாததை முயல் கறியோ வாத்துக் கறியோ வேகவைக்க ஊற்றலாம், பெல்ஜியத்திலும் கிரீக்கை அப்படிப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள், அவ்வளவு சர்க்கரையும் அடிப்பிடிக்கும்.