ஒரு கோட்ட அஞ்சல் சங்கத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி: இராமநாதபுரம் கடற்கரையை முன்வைத்து

இராமநாதபுரம் அஞ்சல் கோட்டத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களுள், 1968 வேலைநிறுத்தத்தைத் தம் பணிக்காலத்தில் கண்டவர்கள் இன்று எண்பதை நெருங்கிக்கொண்டோ கடந்தோ இருக்கிறார்கள். 1960 வேலைநிறுத்தத்தைக் கண்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே, இந்தக் கோட்டத்துச் சங்க வரலாற்றை எழுத நினைப்பவர் அதை அடுத்த மாநாட்டு மலருக்கென்று ஒத்திப்போடாமல் இப்போதே தொடங்க வேண்டும். சங்க வரலாறு எழுதுகிறவர்களில் பலர் அகில இந்தியத் தலைவர்களின் பெயர்களோடு தொடங்கி, மாநில மாநாடுகளின் வழியாக இறங்கி, கடைசி இரண்டு பக்கங்களில் தம் ஊருக்கு வந்து சேர்கிறார்கள். அந்த முறையைக் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டெல்லியில் எடுக்கப்பட்ட முடிவுகளைப் பற்றி எழுதப் பலர் உண்டு. அந்த முடிவை ஏற்றுத் தேவிப்பட்டினத்திலோ தொண்டியிலோ ஒருவர் சம்பளத்தை இழந்தாரா என்பதை அந்த ஊர்க்காரர் எழுதாவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் சங்கம் என்று பொதுவாகச் சொன்னாலும், எழுத்தர்களின் சங்கம் பி3, தபால்காரர்கள் மற்றும் நான்காம் பிரிவு ஊழியர்களின் சங்கம் பி4, இரயில் அஞ்சல் பிரிவினரின் சங்கங்கள் ஆர்3, ஆர்4, புறநிலை ஊழியர்களான ஈ.டி.க்களின் (இன்றைய கிராமிய அஞ்சல் ஊழியர்கள்) சங்கம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிர்வாகிகளும் தனித்தனி கணக்கும் இருந்தன. இவற்றுள் எதை எழுதுகிறீர்கள் என்பது முதல் பக்கத்திலேயே தெளிவாக வேண்டும். அதேபோல், எந்த ‘இராமநாதபுரம்’ என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1910இல் உருவான பழைய இராமநாதபுரம் மாவட்டம், இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 1985 மார்ச் 15இல்தான் அது மூன்றாகப் பிரிந்தது. அதே 1985இல் அஞ்சல் தந்தித் துறையும் அஞ்சல் துறை, தொலைத்தொடர்புத் துறை என இரண்டாகப் பிரிந்தது. ஓராண்டுக்குள் மாவட்டமும் துறையும் பிளந்ததால், பழைய தாள்களுள் சில காரைக்குடி, விருதுநகர்த் தோழர்களின் வீடுகளிலும், சில தொலைபேசித் துறைக்குப் போனவர்களின் வீடுகளிலும் இருக்க வாய்ப்புண்டு. இராமநாதபுரத்தில் மட்டும் தேடிவிட்டு, ‘ஆவணம் எதுவும் இல்லை’ என்று முடிவுகட்டுவது பொருந்தாது.

அடுத்து, ஒரே ஒரு தாளில் அடங்கும் காலச் சட்டகம் ஒன்றை எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்கத்தாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபு தாராபத முகர்ஜி போன்றோர் தொடங்கிய அஞ்சல் ஊழியர் அமைப்பு, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், 1946 ஜூலை 11இல் தொடங்கிய தபால்காரர் வேலைநிறுத்தம், 1954 நவம்பரில் சங்கங்கள் இணைந்து உருவான, அஞ்சல் தந்தி ஊழியர்களின் தேசியக் கூட்டமைப்பான என்.எஃப்.பி.டி.இ., இரண்டாம் ஊதியக் குழுவின் பரிந்துரைகளால் எழுந்த அதிருப்தியில் 1960 ஜூலை 11 நள்ளிரவில் தொடங்கிய ஐந்து நாள் வேலைநிறுத்தம், தேவை அடிப்படையிலான குறைந்தபட்ச ஊதியம் கேட்டு நடந்த 1968 செப்டம்பர் 19 ஒருநாள் வேலைநிறுத்தம், 2000 டிசம்பரின் இரண்டு வார வேலைநிறுத்தம், கிராமிய அஞ்சல் ஊழியர்கள் 2018 மே 22 முதல் நடத்திய பதினாறு நாள் வேலைநிறுத்தம், 2023 ஏப்ரலில், துறைப் பிரிவினைக்குப் பின் அந்தக் கூட்டமைப்பின் வழிவந்த என்.எஃப்.பி.இ.க்கும் அதன் பி3 சங்கத்துக்கும் இருந்த அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டமை ஆகியவை அதில் இருந்தால் போதும். இந்தச் சட்டகம் நூலில் இடம்பெறுவதற்காக அன்று. பேட்டிகளில் கிடைக்கும் நினைவுகளைச் சரியான ஆண்டில் பொருத்துவதற்கான கருவி அது. முதியவர்கள் 1960ஐயும் 1968ஐயும் ஒன்றாக்கிச் சொல்வது இயல்பு. ஆண்டைக் கேட்காமல், ‘எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை?’ என்று கேளுங்கள். ஐந்து நாள் என்றால் ஒன்று. ஒரே நாள் என்றால் மற்றொன்று.

இனி, தபால் எந்த வழியாக வந்தது என்பதைப் படமாக வரையுங்கள். ஊழியரின் குறைகள் தபாலின் வழித்தடத்திலிருந்தே பிறந்தன என்பதால், இதைச் செய்யாமல் கடற்கரைக் கோட்டத்தின் சங்க வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து வந்த போட் மெயில் இரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கிருந்து தபாலும் பயணிகளும் கப்பலில் தலைமன்னாருக்குக் கடந்தார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இடிந்த அஞ்சலகச் சுவர்களை அங்கே போகிறவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். அந்த அலுவலகத்தின் தாள்கள் கடலோடு போயின. எனினும் அங்கிருந்து கோட்ட அலுவலகத்துக்கும் கோட்டச் செயலாளருக்கும் எழுதப்பட்ட கடிதங்களின் மறுமுனை நிலத்தில்தான் இருந்தது என்பதை நினைவில் கொண்டு தேடுங்கள். தீவுக்குச் சாலைப் பாலம் 1988இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம் அஞ்சலகங்கள் தபால் பைக்கு இரயிலையே நம்பியிருந்தன. இதிலிருந்து ஓர் எச்சரிக்கை பிறக்கிறது. 1960இல் இரயில்வே ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றார்கள். ஆகவே ‘அந்த ஐந்து நாளும் இராமேஸ்வரத்தில் தபால் பட்டுவாடா இல்லை’ என்று ஒருவர் சொன்னால், அஞ்சல் ஊழியர் அனைவரும் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வேலைக்கு வந்தவரும் பை வராமல் சும்மா உட்கார்ந்திருக்கலாம். பட்டுவாடா நின்றது என்பதற்கும், ஊழியர் வேலைநிறுத்தம் செய்தார் என்பதற்கும் தனித்தனிச் சான்று தேவை.

கடற்கரையில் ஊருக்கு ஊர் வேலைச்சுமையின் தன்மையும் மாறியது. கீழக்கரையில் வளைகுடா நாடுகளிலிருந்து வந்த கடிதங்களும் பணமும், மண்டபம் முகாமில் 1983க்குப் பின் ஈழத் தமிழர்களுக்கு வந்த கடிதங்களும், இராமேஸ்வரத்தில் யாத்திரிகர்கள் எழுதிப்போட்ட அட்டைகளும் ஒரே வகையான வேலையைத் தரவில்லை. கூடுதல் தபால்காரர் கேட்டு நிறைவேற்றப்பட்ட தீர்மானம் ஒன்று கிடைத்தால், அது எந்த ஊருக்காக, எந்த ஆண்டில் என்று பார்த்தாலே அதன் காரணம் விளங்கிவிடும்.

தாள்களைத் தேடும்போது மூன்று பொருள்களைக் குறிப்பாகக் கேளுங்கள்: கூட்டப் பதிவேடு, சந்தா ரசீதின் அடிக்கட்டை, சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கை. இவற்றுள் பலரும் குப்பை என்று எறிந்துவிடுவது அடிக்கட்டையைத்தான்; எனக்கோ மற்ற இரண்டையும்விட அதுவே பெரிது. சம்பளத்திலேயே சந்தா பிடித்தம் செய்யும் முறை வருவதற்கு முன், சம்பள நாளன்று கிளைச் செயலாளர் கையால் வசூலித்த தொகைக்கு எழுதப்பட்டது அது. பெயர், அலுவலகம், மாதம், தொகை எல்லாம் ஒரு வரியில் இருக்கும். ஓராண்டின் அடிக்கட்டைகளை அலுவலக வாரியாகப் பிரித்து எழுதினால், எந்த ஊரில் சங்கம் வேரூன்றியிருந்தது, வேலைநிறுத்தத்துக்கு அடுத்த மாதம் யார் யார் சந்தா கட்டாமல் விலகினார்கள் என்பது எவருடைய சொற்பொழிவின் துணையுமின்றித் தெரிந்துவிடும்.

சுற்றறிக்கைகளில் நாளும் மாதமும் இருந்து ஆண்டு விடுபட்டிருப்பது வழக்கம். அப்போது அதன் மறுபுறத்தைத் திருப்பிப் பாருங்கள். புக் போஸ்ட்டாக மடித்து அனுப்பப்பட்ட தாளாயின் முகவரியும் தபால்தலையும் தேதி முத்திரையும் அங்கேயே இருக்கும். முத்திரையின் வட்ட விளிம்பில் அஞ்சலகத்தின் பெயரும் நடுவில் தேதியும் விழுந்திருக்கும். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் மங்கிய எண்களும் புலப்படும். முகவரியில் 623 என்று தொடங்கும் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தையது. கூட்டமைப்பின் பெயரில் தந்தியைக் குறிக்கும் ‘டி’ இருந்தால் துறைப் பிரிவினைக்கு முந்தையதாகவே பெரும்பாலும் இருக்கும். ஆயினும் பழைய அச்சுத்தாளைத் தீரும்வரை பயன்படுத்துவது சங்க அலுவலகங்களின் வழக்கம் என்பதால் அதை மட்டும் நம்பிவிட வேண்டாம். உப்புக்காற்றில் குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் துருப்பிடித்துத் தாளை அரித்திருக்கும். அவற்றை இழுக்காமல், பின்புறத்துக் கால்களை மெல்ல நிமிர்த்திக் கழற்றுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். கழற்றிய வரிசையிலேயே படம் எடுத்து, யார் வீட்டில் கிடைத்தது என்பதையும் உடனே எழுதிவையுங்கள்.

அரசுத் தரப்பு ஆவணங்களுக்கு வேறு வழி. பணியில் இருப்பவர்களிடம் அலுவலகக் கோப்பைக் கேட்டு அவர்களைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், பத்து ரூபாய்க்கு இந்தியப் போஸ்டல் ஆர்டர் வாங்கி இணைத்து, கோட்டக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். ‘வேலைநிறுத்தம் பற்றிய எல்லா ஆவணங்களும்’ என்று கேட்காமல், குறிப்பிட்ட ஆண்டில் எத்தனை பேருக்கு டைஸ்நான் (சம்பளத்துக்கும் பணிக்காலத்துக்கும் கணக்கில் சேராத நாள்) விதிக்கப்பட்டது என்பது போன்ற, எண்ணிக்கையில் விடை வரக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகளுக்குச் சட்டத்தின் 8(3) பிரிவு, பெரும்பாலான விலக்குகளைத் தளர்த்துகிறது என்பதையும் விண்ணப்பத்திலேயே குறிப்பிடலாம். கோப்பு அழிக்கப்பட்டது என்று பதில் வந்தாலும் அந்தப் பதிலைப் பாதுகாத்து வையுங்கள். ஓய்வு பெற்றவரின் கையில் தண்டனை ஆணையின் நகல் இருந்தால் அதுவே முதல்தரச் சான்று. அக்கால நாளிதழ்களைச் சென்னை ரோஜா முத்தையா நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் விசாரியுங்கள்.

பேட்டிக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு மாநாட்டுப் புகைப்படமோ அடிக்கட்டையின் நகலோ கையில் இருந்தால், ‘சங்கம் என்ன சாதித்தது?’ என்ற கேள்வி தராத பதில்கள் தாமாக வரும். ஐயா, அண்ணாச்சி, தோழர் என்று அந்தந்த ஊரில் அவரை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே அழைத்து, அன்றாட வேலையிலிருந்து தொடங்குங்கள்: பை எத்தனை மணிக்கு வந்தது, பீட்டில் (பட்டுவாடா செய்யும் பகுதியில்) எத்தனை தெரு, சைக்கிள் யாருடையது, மழைக்காலத்தில் எந்த ஓடையைச் சுற்றிப் போனீர்கள். வேலைநிறுத்தத்துக்கு முதல் நாள் இரவைத் தனியாகக் கேளுங்கள். கைதுக்குப் பயந்து உறவினர் வீட்டில் தங்கியவர் உண்டா, சம்பளம் வராத மாதத்தில் கடன் கொடுத்தது யார் என்பவை அப்போதுதான் வெளிவரும். அந்த வீட்டு அம்மாவிடமும் கட்டாயம் பேசுங்கள். அந்த மாதக் கணக்கை நடத்தியவர் பெரும்பாலும் அவரே. வேலைக்குப் போனவர்களையும் சந்தியுங்கள். அவர்களுக்கும் காரணம் இருந்தது. அதைக் கேட்காமல் எழுதுவது வரலாறாகாது. எனினும், அவர்களின் பிள்ளைகள் அதே தெருவில் வாழ்கிறார்கள் என்பதால், சம்மதமின்றி அவர்களின் பெயரை அச்சில் ஏற்றக் கூடாது.

கிராமிய அஞ்சல் ஊழியர்களுக்கு ஒரு பின்னிணைப்பு ஒதுக்கிவிட்டு நகர்வதைக் கடுமையாகத் தவிர்க்க வேண்டும். இந்தக் கரையின் மீனவ ஊர்களுக்கும் உப்பள ஊர்களுக்கும் அஞ்சல் துறை என்றால் அது கிளை அஞ்சலக அதிகாரியும் பை சுமந்தவரும்தான். அவர்கள் 1964ஆம் ஆண்டின் தனி விதிகளின்கீழ் வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களும் குடிமைப் பதவி வகிப்பவர்களே, விசாரணையின்றி நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ராஜம்மா வழக்கில் 1977இல் கூறியது. 1977க்கு முன்னும் பின்னும் உங்கள் கோட்டத்தில் நடந்த பணிநீக்கங்களை ஒப்பிட்டால் ஒரு முழு அத்தியாயமே கிடைக்கும். கமலேஷ் சந்திரா குழு 2016இல் அளித்த அறிக்கையை நடைமுறைப்படுத்தக் கோரிய 2018 வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவர்கள் இன்றும் பணியில் இருக்கிறார்கள். அவர்களின் கைப்பேசிகளில் பந்தல் படங்களும் நோட்டீஸ்களும் இன்னும் அழியாமல் இருக்கக்கூடும். நிரந்தர ஊழியர் சங்கங்கள் அந்தப் பதினாறு நாளும் என்ன செய்தன என்ற கேள்வியையும் தயங்காமல் எழுப்புங்கள்.

பிளவுகளை மறைக்காதீர்கள். அங்கீகார விதிகள் 1993இல் 35 விழுக்காடு உறுப்பினர்களையும், இரண்டாவது சங்கத்துக்குக் குறைந்தது 15 விழுக்காட்டையும் வரம்பாக்கியபின், உறுப்பினர் சரிபார்ப்பு நடந்த ஒவ்வொரு முறையும் போட்டி கடுமையாகியிருக்கும். போட்டிச் சங்கத்தின் நிர்வாகி ஒருவரிடமாவது கையெழுத்துப் படியைக் கொடுத்து, அவர் மறுக்கும் இடங்களை அடிக்குறிப்பாகச் சேருங்கள்.

படி முடிந்ததும், அச்சுக்குக் கொடுக்குமுன் பெயர்ப் பட்டியலை மட்டும் தனியே அச்சிட்டுக் கோட்டத்தின் ஓய்வூதியர் கூட்டத்தில் சுற்றுக்கு விடுங்கள். முதலெழுத்துப் பிழைகளும் விடுபட்ட பெயர்களும் அங்கே திருத்தப்படும். மூலத் தாள்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்து, மின்படியின் ஒரு பிரதியைச் சங்க அலுவலகத்திலும், ஒன்றை மாவட்ட மைய நூலகத்திலும், ஒன்றைக் கடற்காற்று எட்டாத மதுரை போன்ற ஊரில் உள்ள கல்லூரி நூலகத்திலும் ஒப்படைத்து, மூன்றிடமும் எழுத்து மூலம் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.